லோன் இல்லாமல் வாங்கிய வீடும் நாகர்கோவிலில் ஒரு ஆடிட்டர் ஆபீஸும்: ஐந்துக்கு நாலு

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு நாலு. அந்த நாலும் உள் அறையில் உட்கார்ந்திருக்கும் ஆடிட்டர் அம்மாவுக்கு. குறைத்த ஒன்று, முன்னால் கம்ப்யூட்டரில் இருக்கும் தம்பிக்கும் அவர்கள் பில் போடுகிற லட்சணத்துக்கும். குறையும் சேர்த்துச் சொல்லப்போகிறேன் என்பதால் ஆபீஸின் பெயரைப் போடவில்லை. வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடி, அவ்வளவு போதும்.

நான் அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டுக்காரர் சவுதியில். தக்கலைக்கும் அழகியமண்டபத்துக்கும் இடையில் 7 சென்டில் ஒரு வீடு, 42 லட்சம், என் பெயரில். எங்களுக்கு இதுதான் முதல் வீடு. லோன் எடுக்கவில்லை. அவருடைய சேமிப்பு, முதிர்ந்த ஒரு சிட்டி (சீட்டுப் பணம்), குலசேகரம் பக்கம் அப்பா எனக்குக் கொடுத்திருந்த ரப்பர் விளையை, அதாவது தோட்டத்தை, விற்ற பணம், கடைசியில் குறைந்ததற்கு நகை வைத்து எடுத்த கொஞ்சம், இதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த 42 லட்சம்.

லோன் எடுக்கவில்லை என்று ஸ்டாஃப் ரூமில் சொன்னதும் ஆளாளுக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டார்கள். "கையில காசு இருந்தாலும் லோன் போடணும் டீச்சர், இல்லேன்னா வரியில ஒரு பைசா குறையாது." என்னைவிடப் பத்து வயது இளையவர் சொல்கிறார், ஏதோ ரேஷன் கார்டை நான் தொலைத்துவிட்ட மாதிரி ஒரு பரிதாபத்தோடு. இன்னொரு பக்கம் என் நாத்தனார். அவள் அமெரிக்காவில் நர்ஸ். 2009இல் டெட்ராய்ட் பக்கம் வீட்டு விலையெல்லாம் தரைமட்டத்துக்கு வந்திருந்த சமயத்தில் 70,000 டாலருக்கு ஒரு சின்ன வீட்டை ரொக்கமாகவே வாங்கினாள். முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு அப்போது அங்கே ஒரு வரிச் சலுகை இருந்தது. வீட்டு விலையில் 10 சதவீதம், அதிகபட்சம் 8,000 டாலர். அவளுக்கு 7,000 கிடைத்தது. லோன் எடுத்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வரியே அவ்வளவு வராதவர்களுக்கும் மிச்சத்தைக் காசாகவே அனுப்பினார்கள். "அங்கயும் ஏதாவது இருக்கும், விசாரி அக்கா" என்று அவள் ஒரே பிடி.

அவள் சொன்னது நூறு சதவீதம் சரி, ஆனால் அவள் நாட்டுக்கு, 2009, 2010 என்ற இரண்டு வருடத்துக்கு மட்டும் சரி. 2008இல் வாங்கியவர்களுக்கு அதே சலுகை 7,500 டாலர் வரை. ஆனால் அதை 15 வருடத்தில் திருப்பிக் கட்ட வேண்டும், வட்டியில்லாத கடன் மாதிரி. 2009இலிருந்து வாங்கியவர்களுக்குத்தான் திருப்பிக் கட்ட வேண்டாம் என்று ஆக்கினார்கள். அதிலும் மூன்று வருடத்துக்குள் வீட்டை விற்றால் திருப்ப வேண்டும். 2010இல் திட்டமே முடிந்துபோனது. வீட்டு விற்பனை படுத்துக் கிடந்த நேரத்தில் அதைத் தூக்கிவிடக் கொடுத்த பணம் அது. நம் ஊரில் அந்த மாதிரி நேராக வரியிலேயே கழித்துக் கையில் காசு தருகிற ஏற்பாடு கிடையாது. இங்கே வருமானத்திலிருந்து ஒரு தொகையைக் கழிப்பார்கள், மீதிக்கு வரி போடுவார்கள். மத்திய அரசின் வட்டி மானியமும் லோன் எடுத்தவர்களுக்குத்தான். முதல் வீட்டுக்காரர்களுக்கென்று வருமான வரிச் சட்டத்தில் வந்த 80ஈஈ, 80ஈஈஏ பிரிவுகள் இரண்டும் வீட்டுக்கடன் வட்டிக்கு. போதாததற்கு 2022 மார்ச்சுக்கு அப்புறம் எடுத்த லோனுக்கு அதுவும் இல்லை.

சரி, இந்த நிலைமையில்தான் அந்த மாடிப்படி ஏறினேன். செங்குத்தான படி, கைப்பிடி ஒரு பக்கம்தான். முட்டுவலிக்காரர்கள் போனில் பேசிக்கொள்வது நல்லது.

முன்னால் இருந்த தம்பி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஹவுசிங் லோன் உண்டா?" இல்லை என்றேன். "அப்போ ஒண்ணும் கிடையாது டீச்சர். சம்பளத்துக்கு மட்டும் ஃபைல் பண்ணிரலாம், 1,500." இந்தப் பதிலோடு திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ தெரியாது. நான் போகவில்லை. கணக்கு டீச்சருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, விடை மட்டும் எழுதினால் மார்க் போட மாட்டோம். எந்தப் பிரிவில் கிடையாது, ஏன் கிடையாது என்று கேட்டேன். தம்பி எழுந்து உள்ளே போய்விட்டு வந்து, "மேடம் கூப்பிடுகா" என்றார்.

அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். மேசையில் கம்ப்யூட்டரும் இருந்தது, பச்சை அட்டை போட்ட நீளக் கணக்கு நோட்டும் இருந்தது, எழுதியதெல்லாம் நோட்டில்தான். வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "பணம் எங்க இருந்து வந்தது டீச்சரே? ஒண்ணொண்ணா சொல்லுங்க." சொன்னேன். நோட்டில் நாலு கட்டம் போட்டார். சம்பளம், சவுதிப் பணம், விளை, நகை. அப்புறம் இன்னொரு கேள்வி, அதுதான் பெரிய கேள்வி: "வீட்டை விக்கிற ஆளு எங்க இருக்காரு?"

விற்கிறவர் குவைத்தில். கையெழுத்துப் போட வரப்போவது பவர் வாங்கியிருந்த அவருடைய தம்பி. நம் குமரி மாவட்டத்தில் இது ஒரு விஷயமே இல்லை, பாதி வீடுகள் இப்படித்தான் கைமாறுகின்றன. 50 லட்சத்துக்குக் கீழே என்றால் டிடிஎஸ், அதாவது விற்கிறவருக்குக் கொடுக்கும் பணத்திலேயே வரி, பிடிக்க வேண்டாம் என்று பத்திர எழுத்தர் முதல் புரோக்கர் வரை எல்லாரும் சொல்லியிருந்தார்கள். அது விற்கிறவர் இந்தியாவில் குடியிருந்தால் மட்டும். அப்படியானால் 50 லட்சமும் அதற்கு மேலும் இருந்தால் 1 சதவீதம். விற்கிறவர் என்ஆர்ஐ என்றால் 50 லட்சக் கணக்கெல்லாம் கிடையாது, 195ஆம் பிரிவு வந்துவிடும். எவ்வளவு சின்ன தொகையானாலும் வாங்குகிறவர் வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். நீண்டகால லாபத்துக்கு 12.5 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 13 சதவீதம். 42 லட்சத்துக்கு 5,46,000 ரூபாய்.

பிடிக்காமல் விட்டால் யாரைக் கேட்பார்கள்? குவைத்காரரை இல்லை. வாங்கிய என்னைத்தான், வட்டியோடு. விலை முழுவதையும் அவருக்குக் கொடுத்துவிட்டு அதற்கு மேல் ஐந்தரை லட்சத்தை நான் என் கையிலிருந்து கட்ட வேண்டி வந்திருக்கும். "ஒப்பந்தம் எழுதியாச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ பயப்படாதீங்க. எழுதும்போதே இதை எழுதிடுங்க, கேட்டீங்களா."

அதற்கப்புறம் நடந்ததை விரிவாகச் சொல்லக் காரணம், கல்குளம், விளவங்கோடு பக்கம் வீடு வாங்குகிற நிறையப் பேருக்கு இது வரும். வரி பிடித்துக் கட்ட, வாங்குகிற எனக்கு அப்போது டான் என்று ஒரு எண் வேண்டியிருந்தது; பான் போதவில்லை. அதற்கு படிவம் 49பி. விற்கிறவர் தன் உண்மையான லாபம் இவ்வளவுதான் என்று காட்டி, படிவம் 13 போட்டு, குறைந்த விகிதத்தில் பிடித்தால் போதும் என்று வருமான வரி அதிகாரியிடம் சான்றிதழ் வாங்கலாம். குவைத்காரர் முதலில் போனில் குதித்தார். என் பணத்தில் ஐந்து லட்சத்தை நீ எப்படிப் பிடிக்கலாம் என்று. ஆடிட்டர் அம்மாவே அவரிடம் பேசினார். வீடு கட்டிய செலவுக் கணக்கு, ரசீது, ஒப்பந்தக்காரருக்கு வங்கியில் அனுப்பிய தொகை எல்லாம் அவர் எடுத்துக் கொடுத்த பிறகு விண்ணப்பம் போனது. சான்றிதழ் வர நாளாயிற்று, பதிவும் டிசம்பருக்குத் தள்ளிப்போனது. ஆனால் வந்தபோது விகிதம் 3 சதவீதத்துக்கும் கீழே. அவருக்கும் சந்தோஷம், எனக்கும் இரவில் தூக்கம். பிடித்ததை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், பிறகு அந்தக் காலாண்டுக்குப் பிடித்த வரியின் கணக்கைக் காட்ட 27க்யூ படிவம் போட வேண்டியிருந்தது. தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய்.

என்னைக் கேட்டால் இந்த ஒரு கேள்விக்கே அந்த ஆபீஸுக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கலாம்.

இப்போது விளை. இதில்தான் எனக்கு நேரடியாகப் பணம் மிஞ்சியது.

அப்பா 1988இல் வாங்கி, 2010இல் என் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்த 20 சென்ட் ரப்பர் விளை அது. 2024 ஆகஸ்டில் 18 லட்சத்துக்கு விற்றேன். ரப்பர் விவசாயம்தானே, விவசாய நிலத்தை விற்றால் வரி கிடையாது என்று மாமா அடித்துச் சொல்லியிருந்தார். கரம் தீர்த்த ரசீதைக் காட்டினால் போதுமாம். ஆடிட்டர் அம்மா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, முதன்முறையாகக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். வரைபடத்தைத் திறந்து, சர்வே எண்ணை வைத்து விளை இருக்கிற இடத்தில் ஒரு புள்ளி. பக்கத்துப் பேரூராட்சி எல்லையில் ஒரு புள்ளி. நடுவில் கோடு. 1.6 கிலோமீட்டர்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ரோட்டில் போனால் மூன்று கிலோமீட்டருக்கு மேல். ஆற்றைச் சுற்றிக்கொண்டு பாலம் வழியாகத்தான் போக வேண்டும், மழைக்காலத்தில் அப்பாவோடு எத்தனையோ தரம் போன வழி. அதைச் சொன்னேன். சட்டத்துக்கு ரோடு கணக்கில்லையாம், நேர்கோட்டுத் தூரம்தான். மக்கள்தொகை 10,000க்கு மேல் 1 லட்சம் வரை இருக்கிற உள்ளாட்சி என்றால் அதன் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர். 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் 6. அதற்கும் மேல் 8. இந்த வட்டத்துக்குள் இருக்கிற விவசாய நிலம் வரிக்கு உட்பட்ட சொத்து. வெளியே இருந்தால் லாபத்துக்கு வரியே இல்லை. நகராட்சி, மாநகராட்சி மட்டும் இல்லை, பேரூராட்சியும் இதில் சேரும். மற்ற மாவட்டங்களில் இது பெரிதாக ஆளைப் பிடிக்காது. நம் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி முடிகிற இடத்தில் அடுத்தது ஆரம்பித்துவிடுகிறது, அதில் பலவற்றில் 10,000க்கு மேல் ஆள். தோட்டம், தோப்பு, விளை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிற பாதி, வருமான வரிக்கு டவுன். மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவரும் ஒரு தோப்பை விற்றிருக்கிறார்.

அந்த நோட்டில் அவர் போட்ட கணக்கை இங்கே கொடுக்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 2001 ஏப்ரல் 1க்கு முன்னால் அப்பா வாங்கியது என்பதால் அந்தத் தேதியின் மதிப்பை அடக்கவிலையாக வைக்கலாம். ஆனால் அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அது 1,20,000. லாபம் 16,80,000. 2024 ஜூலை 23க்கு அப்புறம் விற்றதால் 12.5 சதவீதம், அதாவது 2,10,000, செஸ்ஸோடு 2,18,400. அதற்கு முன்னால் வாங்கிய நிலம் என்பதால் பழைய முறையிலும் போட்டுப் பார்க்க உரிமை உண்டு. பணவீக்கக் குறியீடு 100லிருந்து 363 ஆகியிருக்கிறது, ஆகவே அடக்கம் 4,35,600, லாபம் 13,64,400, அதற்கு 20 சதவீதம் 2,72,880. இந்த விளைக்குப் புது முறைதான் லேசு.

இந்த இரண்டையும் எழுதிக் கோடு போட்டுவிட்டு, கீழே பெரிதாகச் சுழியம் போட்டார். 54எஃப்.

வீடு அல்லாத சொத்தை, அதாவது நிலம், நகை, பங்கு எதையாவது நீண்டநாள் வைத்திருந்து விற்று, அந்தத் தொகையை ஒரு குடியிருப்பு வீட்டில் போட்டால் லாபத்துக்கு வரி இல்லை. விற்பதற்கு ஒரு வருடம் முன்னாலோ இரண்டு வருடத்துக்குள்ளோ வாங்கலாம். கட்டுவதானால் மூன்று வருடம். லாபத்தை மட்டும் போட்டால் போதாது, விற்றுக் கிடைத்த முழுத் தொகைக்கும் ஈடாக வீட்டு விலை இருக்க வேண்டும். 18 லட்சத்தில் 9 லட்சம்தான் போட்டால் பாதி லாபத்துக்கு விலக்கு. எனக்கு 18க்கு 42, ஆகவே முழு விலக்கு. விற்கிற அன்று, புது வீட்டைத் தவிர ஒரு வீட்டுக்கு மேல் பெயரில் இருக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை உண்டு. முதல் வீடு வாங்குகிறவருக்கு அது பிரச்சினையே இல்லை. வாங்கிய வீட்டை மூன்று வருடத்துக்குள் விற்றால் விட்ட வரியைத் திரும்பப் பிடிப்பார்கள். வீடு கிடைக்கத் தாமதமாகும் என்றால், ரிட்டர்ன் போடும் கடைசித் தேதிக்குள் பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும், சாதா சேமிப்புக் கணக்கில் கிடந்தால் ஆகாது. கிராமக் கிளைகளில் அந்தக் கணக்கு எடுக்க மாட்டார்கள், நாகர்கோவிலுக்கோ மார்த்தாண்டத்துக்கோ வந்துதான் ஆக வேண்டும்.

இதில் எங்கேயும் லோன் என்ற பேச்சே இல்லை, கவனியுங்கள். 2,18,400 ரூபாய். முன்னால் இருந்த தம்பி "ஒண்ணும் கிடையாது" என்று சொன்ன அதே ஃபைல்தான்.

அடுத்து, பதிவுச் செலவு. பத்திரத்துக்கு 7 சதவீதம் முத்திரைத் தீர்வை 2,94,000. பதிவுக் கட்டணம் 2 சதவீதம் 84,000. மொத்தம் 3,78,000 ரூபாய் போன அன்று வீட்டுக்காரர் போனில் ஒரு நிமிடம் சத்தமே போடவில்லை. இது சேமிப்புக்கெல்லாம் வருமானத்தில் கழிவு தருகிற 80சி பிரிவில் வரும், லோன் இருந்தாலும் இல்லாவிட்டாலும். கட்டிய வருடத்திலேயே காட்ட வேண்டும். ஐந்து வருடத்துக்குள் வீட்டை விற்றால் கழித்ததைத் திரும்பச் சேர்ப்பார்கள். எனக்கு சிபிஎஸ் என்கிற ஓய்வூதியப் பிடித்தம் மற்றதெல்லாம் போக, ஒன்றரை லட்ச வரம்பில் 70,000 இடம் இருந்தது. 20 சதவீதப் படியில் செஸ்ஸோடு 14,560 மிச்சம். ஆகா என்று இருந்தது. நகைக்கடன் வட்டியும் உண்டு என்றார் அந்த அம்மா. வீட்டுக்காக வாங்கிய கடனின் வட்டியைக் கழிக்கிற பிரிவு 24பி; வீட்டை அடமானம் வைத்திருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. கடன் வாங்கிய பணம் வீட்டு விலைக்குத்தான் போனது என்று வங்கிக் கணக்கில் தெரிந்தால் போதும். அண்ணனிடம், மச்சினனிடம் வட்டிக்கு வாங்கினாலும் செல்லும், அவர்கள் அந்த வட்டியைத் தங்கள் வருமானத்தில் காட்டவேண்டி வரும், அவ்வளவுதான். ரொக்கமாக 20,000மும் அதற்கு மேலும் மட்டும் கை மாறக் கூடாது. வாங்கிய அளவுக்கே அபராதம்.

அப்புறம் சம்பள வரிக்கு, இந்தக் கழிவெல்லாம் உள்ள பழைய முறை, இவை இல்லாத புதிய முறை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். என் சம்பளம் 9 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024-25க்குப் பழைய முறையில் சம்பளக்காரருக்கான நிலைக்கழிவோடு, முத்திரைத் தீர்வையையும் சேர்த்து ஒன்றரை லட்சம் முழுதாகக் கழித்தால் வரி 54,600. நிலைக்கழிவைத் தவிர எதையும் கழிக்காமல் புதிய முறையில் 33,800. நகை வட்டியைப் போட்டும் பழையது எட்டவில்லை. ஆக அந்த 14,560 தாளில் இருந்தது, கைக்கு வரவில்லை. 54எஃப் மட்டும் இரண்டு முறையிலும் செல்லும். இதை மறைக்காமல், "டீச்சர், ஸ்டாம்பு கழிவு உங்களுக்கு வேலைக்கு ஆகாது, பாத்துக்கிடுங்க" என்று நேராகச் சொன்னார். சொல்லாமல் பழைய முறையில் போட்டுவிட்டு "80சி முழுசா எடுத்துக் கொடுத்தேன்" என்று பெருமை அடித்திருந்தால் எனக்கு எங்கே தெரியப் போகிறது.

இப்போது ஸ்டாஃப் ரூம் தம்பிக்கு வருவோம். அவருக்கும் ஏறத்தாழ என் சம்பளம்தான், வருடம் 2 லட்சத்துக்கு மேல் வீட்டுக்கடன் வட்டி. பழைய முறையில் 2 லட்சம் வட்டி, ஒன்றரை லட்சம் 80சி, நிலைக்கழிவு 50,000 எல்லாம் போக 5 லட்சம், வரி பூஜ்யம். நான் கட்டியது 33,800. ஸ்டாஃப் ரூமில் அவர் ஜெயித்ததாகத்தான் பேச்சு. 33,800 மிச்சம் பிடிக்க 2 லட்சம் வட்டி கட்டியிருக்கிறார் என்று நான் கரும்பலகையில் எழுதிக் காட்டவில்லை, நட்பு முக்கியம். வேறு வழியில்லாமல் லோன் எடுக்கிறவர்கள் வேறு, அவர்களுக்கு அந்தக் கழிவு பெரிய ஆறுதல். கையில் பணம் இருந்தும் வரிக்காக லோன் போடு என்று சொல்கிறவர்களைத்தான் சொல்கிறேன். அதுவும் 2025-26லிருந்து புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை, சம்பளக்காரருக்கு 12,75,000 வரை. அவருக்கும் பூஜ்யம், எனக்கும் பூஜ்யம், வட்டி மட்டும் அவருக்கு. நிலம் விற்ற லாபத்துக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், 12 லட்சத்துக்குக் கீழேதானே என்று யாரும் விளையை விற்றுவிட்டுப் பேசாமல் இருந்துவிடக் கூடாது.

பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 1 முதல் கொண்டுவந்திருக்கிறது. அது 10 லட்சம் வரையிலான சொத்துக்குத்தான். தக்கலைப் பக்கம் அந்த விலைக்கு வீடு கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்; மனை வாங்குகிறவர்களுக்கு வேண்டுமானால் அந்தச் சலுகை உதவும்.

இனி குறைகள். முதல் குறை அந்த முன்மேசை. பதில் தெரியாவிட்டால் "மேடத்தைக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லப் பழக்கியிருக்க வேண்டும். இரண்டாவது, பணம். ரிட்டர்னுக்கும் விளை விற்ற லாபத்தைக் கணக்குப் போடுவதற்கும் சேர்த்து 5,000 என்று பேசினார்கள். கடைசியில் டான் எடுக்க ஒன்று, 27க்யூவுக்கு ஒன்று, குவைத்காரரோடு பேசியதற்கு "ஆலோசனை" என்று ஒன்று என வரிசையாக வந்து 9,500 ஆனது. செய்த வேலைக்கு அது அதிகம் இல்லை, மிஞ்சியதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனாலும் முதலிலேயே சொல்லவேண்டிய தொகை. ரசீதும் கேட்ட பிறகுதான் வந்தது, அதுவும் ஊருக்கெல்லாம் ரசீதைப் பத்திரமாக வைக்கச் சொல்கிற இடத்தில். மூன்றாவது, வரி பிடித்ததற்குச் சான்றாகக் குவைத்காரருக்குக் கொடுக்கவேண்டிய படிவம் 16ஏவை எடுத்து அனுப்ப இழுத்தடித்தார்கள். வாட்ஸ்அப்பில் நான் கேட்டால் இரண்டு நீல டிக் விழும், பதில் வராது. அவர் ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன் செய்வார், அங்கே எட்டரைதானே.

ரிட்டர்ன் மட்டும் சுத்தமாகப் போட்டார்கள். ஐடிஆர்-2, விளைப் பத்திரம், வீட்டுப் பத்திரம் இரண்டின் விவரமும் சரியான இடத்தில். அந்த வருடம் கடைசித் தேதி செப்டம்பருக்குத் தள்ளிப்போனபோதும் இவர்கள் ஜூலையிலேயே முடித்துவிட்டார்கள். நான் மேலே எழுதியிருக்கும் பிரிவு எண்களெல்லாம் 1961ஆம் வருடச் சட்டத்தின் எண்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் வருடச் சட்டம் என்பதால் எண்கள் வேறு. போய்க் கேட்கும்போது எண்ணைச் சொல்லாமல் விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

யார் போகலாம்? சம்பளம் மட்டும் இருக்கிறவர்களுக்கு இந்த ஆபீஸ் தேவையில்லை, வீட்டில் உட்கார்ந்து நாமே போட்டுவிடலாம். நிலம் விற்றவர்கள், என்ஆர்ஐயிடம் வாங்குகிறவர்கள், சொந்தப் பணத்தில் முதல் வீடு வாங்குகிறவர்கள் கட்டாயம் போகலாம். பதிவுக்கு முன்னால் போக வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாலேயே போனால் இன்னும் நல்லது. விற்ற சொத்தின் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பணம் வந்த வங்கிக் கணக்கின் ஸ்டேட்மெண்ட், விற்கிறவரின் பான், அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதற்கு ஒரு தாள், இவ்வளவும் கையில் இருக்கட்டும். முன்மேசையில் எதுவும் பேச வேண்டாம், மேடத்தைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். ஜூலையில் போகாதீர்கள், படிக்கட்டு வரை ஆள் நிற்கும். வண்டி நிறுத்தக் கீழே இடமில்லை, பஸ்ஸில் போவதே மேல்.